கால் துடைத்துவிட்டு உள்ளே வந்த ஈரக்கையன்

அன்று மதியம் ஏரிக்கரை வீட்டின் முன்னறையில் இருந்தவர்கள் ஆறு பேர். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் தேவைப்படும்.

சுவரில் இழுத்துக் கட்டிய வெள்ளைப் போர்வைக்கு நேர் எதிரே, வீட்டில் இருந்ததிலேயே நல்ல நாற்காலியில், அந்த வீட்டு மாப்பிள்ளை. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கடை சாத்திய நேரமெல்லாம், மூன்று வருடமாக, ஒரே ஒரு படத்தின் இயக்குநர். அவருக்கு வலப்பக்கம், தையல் இயந்திரத்தின் முக்காலியில், அவர் மனைவியான பெரியவள். இடப்பக்கம் இருந்த சோபாவில் முக்கால் பங்கை ஐஸ் தொழிற்சாலைக்காரர் எடுத்துக்கொண்டார். படத்துக்கு முதல் போட்டவர், மைக் பிடித்தவர் இரண்டுமே அவர்தான். மிச்சமிருந்த கால் பங்கில், முழங்கால் இரண்டும் மோவாயை இடிக்க, ஊர் நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுக்கும் ஆறடி ஆள். அவரை எல்லோரும் ‘நீச்சல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அறையின் கோடியில் புரொஜெக்டர் மேசைக்குப் பின்னால் சின்னவள். வாசற்படி ஓரமாக, கால்மிதியின் மேல் கால் வைத்து, போர்வைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மடியில் ஒரு சட்டையும் பொத்தான் டப்பாவுமாக அம்மா.

“எல்லாரும் திரையைப் பாத்து உக்காருவாங்க. நீ என்னம்மா கோவிச்சுக்கிட்டுப் போன மருமக மாதிரி அந்தப் பக்கம் திரும்பி உக்காந்திருக்க?” என்றாள் பெரியவள்.

“இந்தக் கண்றாவியைப் பாக்க மாட்டேன்னு மூணு வருசமாச் சொல்றேன். இன்னைக்கு மட்டும் பாக்கணுமா? பொத்தான் தைக்க இங்கதான் வெளிச்சம்.”

ஏழாவது நாற்காலியில் ஈரக்கையன் உட்கார்ந்திருந்தான். அதாவது, அவனுடைய உடை. பழைய மழைக்கோட்டுகளையும் ரப்பர் விரிப்புகளையும் வெட்டி, பெரியவள் இரவு பகலாகத் தைத்தது. பச்சைத் தோல், வாத்து விரல், வேர்க் கொத்தாகத் தலைமயிர். முதுகில் ஒரு நீள ஜிப். அந்த ஜிப் பிறவியிலேயே முரடு. பாதி வரை சமர்த்தாக ஏறும், அதற்கு மேல் கழுதை மாதிரி நின்றுவிடும். அன்றும் பாதியில் வாயைப் பிளந்துகொண்டுதான் இருந்தது.

ஈரக்கையனை அந்த ஊரில் தெரியாதவர் கிடையாது. ஏரிக்குள் இருப்பவன். எந்த வீட்டில் ஒரு வேலை அரைகுறையாகக் கிடக்கிறதோ அந்த வீட்டுக்கு வருவான். பாதி சாத்திய கதவைச் சாத்துவான், பாதி முடிந்த முடிச்சை இறுக்குவான், ஈரத்தை மட்டும் விட்டுவிட்டுப் போய்விடுவான். பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு விளையாட ஓடும் பிள்ளைகளை, “இரு, ஈரக்கையன் வந்து உன் நோட்டை நனைக்கட்டும்” என்று மிரட்டுவார்கள். யாரையும் அவன் கடித்ததாகவோ இழுத்துப் போனதாகவோ கதை இல்லை. மாப்பிள்ளைதான் அவனைத் துப்பறிய விட்டார். படத்தில் ஒரு கொலை பாதி விசாரணையில் நின்றுபோகிறது. அதை முடித்துவைக்க ஈரக்கையன் ஏரியிலிருந்து எழுந்து வருகிறான். கேட்டவர்கள் சிரித்தார்கள். எடுத்து முடித்துப் போட்டுக் காட்டியபோது ஒருவரும் சிரிக்கவில்லை. குறிப்பாகக் கடைசிக் காட்சியில்.

வினையே அந்தக் கடைசிக் காட்சியால்தான் வந்தது.

ஊரில் இருப்பது ஒரே தியேட்டர். அதன் முதலாளி தன் ஆட்களோடு மட்டும் படத்தைப் போட்டுப் பார்த்தார். நாலைந்து நாள் கழித்து, அன்று காலை, ஆள் அனுப்பி ஒரு கடிதம் கொடுத்தார். அதை மாப்பிள்ளை தாமே சத்தமாகப் படித்துக் காட்டினார்.

“‘படம் பிரமாதம். ஆனால் கடைசிக் காட்சியைப் பார்த்த நாளிலிருந்து என் டிக்கெட் கிழிப்பவர் வேலைக்கு வரவில்லை. எனக்கும் குளியலறைக்குத் தனியாகப் போக யோசனையாக இருக்கிறது. அதற்கு முந்தின காட்சி வரையில் ஆறடியாக இருந்த பிராணி கடைசிக் காட்சியில் எப்படி ஐந்தடி ஆனது? ஒவ்வொரு காட்சியிலும் உடைக்குள் இருந்தது யார் என்று எழுதி, அவரவர் கையெழுத்தோடு இன்று மாலைப் பேருந்தில் அனுப்பினால் வெள்ளிக்கிழமை படம் ஓடும். இல்லையென்றால் அந்த வாரம் நாய்க்குட்டிப் படம் போட்டுக்கொள்கிறேன். கடிதத்தை உங்கள் கொழுந்தியாள் எழுதினால்தான் ஏற்பேன். அந்தப் பெண் தெரியாததை எழுதாது.’”

அது உண்மை. சின்னவள் வேலை பார்ப்பது மரச்சாமான் கிடங்கில். எந்த அலமாரிக்கு எந்தக் கால் உடைந்தது என்று கேட்டால் படுத்துக்கொண்டே சொல்வாள். படப்பிடிப்பில் அவளுக்குக் கண்டினியூட்டி வேலை. போன காட்சியில் பாதி குடித்த தேநீர் இந்தக் காட்சியிலும் பாதியாக இருக்கிறதா, கால்மிதி போன தடவை கோணலாகக் கிடந்த அதே கோணலில் கிடக்கிறதா என்று பார்க்கிற வேலை. கண்கொத்திப் பாம்பு மாதிரி அவள் பார்ப்பதைப் பார்த்து, அவள் மாமாவான மாப்பிள்ளை அவளுக்குக் ‘கண்கொத்தி’ என்றே பெயர் வைத்துவிட்டார்.

“இதுல என்ன இருக்கு?” என்றார் ஐஸ்காரர். “எல்லாக் காட்சியிலயும் நம்ம நீச்சல்தானே? எழுதி அனுப்பிட்டுத் தியேட்டர் வாசல்ல போஸ்டர் ஒட்டுவோம்.”

எல்லோரும் நீச்சலைப் பார்த்தார்கள். நீச்சல் தன் முழங்காலைப் பார்த்தார்.

“கடைசிக் காட்சியில…” என்று தொண்டையைச் செருமினார். “கடைசிக் காட்சியில நான் இல்லைங்க.”

“என்னது?”

“நான் பாத்ரூம்ல இருந்தேன். தாழ்ப்பாள் பாதியில சிக்கிக்கிச்சு. கத்தினேன், இடிச்சேன், ஒருத்தரும் வரலை. நீங்க எல்லாரும் நடு ஏரியில படகுல இருந்தீங்க. கொஞ்ச நேரத்துல தாழ்ப்பாள் தானாவே வழுக்கிக்கிட்டுத் திறந்துச்சு. வெளிய வந்தா எல்லாரும் படகை விட்டு இறங்கி வந்து என்னைக் கட்டிப் பிடிக்கிறீங்க. டைரக்டர் அண்ணன் அழுறாரு. ‘என்ன நடை! என்ன நடை!’ன்னு முத்தம் வேற. அந்த நேரத்துல இல்லைன்னு சொல்ல மனசு வரலை.”

“மூணு மாசமா?” என்றாள் பெரியவள்.

“முதல் நாள் சொல்லலை. ரெண்டாவது நாள் சொன்னா முதல் நாள் ஏன் சொல்லலைன்னு கேப்பீங்க. அப்புறம் எனக்கே, ஒருவேளை நான்தான் நடிச்சேனோன்னு தோண ஆரம்பிச்சிருச்சு. ஆனா கையெழுத்துன்னு வந்தா பொய்ச் சத்தியம் பண்ண மாட்டேன். தண்ணியில பிழைக்கிறவன் நான்.”

மாப்பிள்ளைக்கு முகம் சுண்டிவிட்டது. மூன்று மாதமாக அவர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், கண் பரிசோதனைப் பலகையைக் கூட மறைத்துக்கொண்டு, அந்தக் குறைந்த உயரத்துக்கு விளக்கம் சொல்லிவந்திருக்கிறார். ‘அது லென்ஸோட வேலை. குற்றம் தீர்ந்ததும் பிராணி தன்னைச் சுருக்கிக்குது. பாக்கிறவன் மனசுல ஒரு அடி குறையணும்னு கணக்குப் போட்டு வெச்சேன்.’ சின்னவளிடமே இதை மூன்று விதமாகச் சொல்லியிருக்கிறார்.

“அப்ப லென்ஸ்?” என்றாள் சின்னவள்.

“லென்ஸும் உண்டு,” என்றார் மாப்பிள்ளை, குரல் இறங்கிப்போய். பிறகு நாற்காலியில் சரிந்தார். “போச்சு கண்கொத்தி. நாய்க்குட்டிப் படம்தான். நான் கேமராவைத் துடைச்சுப் பரண்ல போட்டுடறேன். இனி ஆயுசுக்கும் ‘மேல் வரி தெரியுதா, கீழ் வரி தெரியுதா’தான்.”

அதை அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது அவர் கண்ணாடியைக் கழற்றிய விதத்தில் தெரிந்தது. மற்றவர் கண்ணாடியை நாளெல்லாம் துடைப்பவர், தன் கண்ணாடியைக் கழற்றுவது ரொம்ப அபூர்வம்.

சின்னவளின் கை புரொஜெக்டர் பக்கம் போனது. தெரியாத ஒன்றை அவள் எழுத மாட்டாள் என்பது எவ்வளவு உண்மையோ, தெரியாமல் விட மாட்டாள் என்பதும் அவ்வளவு உண்மை.

“ஒரு தடவை போட்டுப் பாத்துடுவோம். ஆனா அதுக்கு முன்னால ஒண்ணு. அக்கா, அந்த உடையை ஒரே ஆளாப் போட்டுக்க முடியுமா?”

“சான்ஸே இல்லை. ஜிப் பாதிக்கு மேல ஏறவே ஏறாது. நீச்சலுக்கு நான்தான் முதுகுல முட்டியைக் குடுத்து இழுத்துவிடணும். அன்னைக்கும் அரை மணி முன்னாடியே படகுக்குக் கூப்பிட்டுட்டீங்களேன்னு அவர்கிட்டச் சண்டை போட்டுட்டுத்தான் வந்தேன். ‘நீச்சல் எப்படியாவது மாட்டிக்குவான்’னாரு.”

“படகுல நாம நாலு பேரு. வீட்டுல நீச்சல் மட்டும். அவரும் பாத்ரூமுக்குள்ள,” என்றாள் சின்னவள்.

“அப்ப உள்ள போட்டுக்கிட்டவர் ஒருத்தர், வெளிய இழுத்துவிட்டவர் ஒருத்தர். ரெண்டு பேரு கணக்குல இடிக்குதே?” ஐஸ்காரர் சோபாவில் காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டார்.

“இந்த வீட்டுக்குச் சாவி யார்கிட்ட இருக்குன்னு பாத்தீங்களா? திருடன் கிருடன் வந்திருக்கப் போறான்,” என்றாள் அம்மா, ஊசியில் நூல் கோத்தபடி. திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசிக் காட்சி எடுத்த அந்த வாரம் அம்மா வீட்டில் இல்லை. “என் வீட்டைப் பேய் வீடாக்கறதை என் கண்ணால பாக்க வேண்டாம்” என்று தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். பேருந்தில் போனால் கொஞ்ச தூரம்.

சின்னவள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக் காட்சியை ஓட்டினாள்.

போர்வையில் ஏரி விரிந்தது. அந்தி மஞ்சள். தூரத்தில் இந்த வீட்டின் பின்படிக்கட்டு. படம் முழுக்கச் சொட்டிக்கொண்டே இருக்கும் பின்கட்டுக் குழாயின் சத்தம், சொட்… சொட்… என்று. தண்ணீருக்குள்ளிருந்து பச்சைத் தலை ஒன்று எழுந்தது. படிப்படியாக ஏறியது. அவசரமே இல்லாத, இது என் வீடு, நான் வருகிறேன் என்கிற நடை. எத்தனையோ தடவை பார்த்திருந்தும் நீச்சல் ஐஸ்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். பிராணி குழாயடியில் நின்றது. ஒரு திருகு. குழாயின் தலையில் இரண்டு தட்டு. டக், டக். சொட்டு நின்றது.

அந்த நேரத்தில் சின்னவள் போர்வையைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. புரொஜெக்டர் மேசையிலிருந்து பார்த்தால், நேரே தெரிவது வாசற்படி. அங்கே ‘டக் டக்’ சத்தம் கேட்ட மாத்திரத்தில், அம்மாவின் வலது கால் கால்மிதியில் இரண்டு தடவை தேய்த்தது. இடது கால் ஒரு தடவை. பிறகு வலது கட்டைவிரல் மிதியின் ஓரத்தைத் தள்ளி நேராக்கியது.

அம்மா பொத்தான்தான் தைத்துக்கொண்டிருந்தாள். காலுக்கு அது தெரியாது போலிருக்கிறது.

சின்னவள் போர்வையைப் பார்த்தாள். ஈரக்கையன் பின்வாசலில் வலது காலை இரண்டு தடவை துடைத்தான். இடது காலை ஒரு தடவை. கட்டைவிரலால் மிதியை நேராக்கிவிட்டு வீட்டுக்குள் போனான்.

அவளுக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அதை அடக்க உதட்டைக் கடித்தாள். தோள் குலுங்கியது. மூன்று மாதமாக அவள் தூக்கத்தைக் கெடுத்தது அந்த மிதிதான். படம் முழுக்கக் கோணலாகக் கிடந்த மிதி கடைசியில் நேராகிவிட்டது, தன் கவனப் பிசகு என்று எத்தனை நாள் புரண்டு படுத்திருக்கிறாள்! பிசகும் இல்லை, பிராணியும் இல்லை. இந்த வீட்டில் அழுக்குக் காலோடு நுழைய யாரையும் விடாத ஒரே பிறவி, ரப்பர் தோலுக்குள் இருந்தாலும் விடவில்லை.

ஆனால் எப்படிச் சொல்வது? ‘இந்தப் படத்துக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை’ என்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லி வைத்திருப்பவள் அம்மா. நேரே கேட்டால் ஏரியே வற்றினாலும் ஒப்புக்கொள்ள மாட்டாள். சின்னவள் ஒரு கணம் யோசித்தாள். அம்மாவின் வயிற்றில் பிறந்தவளுக்கு அம்மாவின் வாயைத் திறக்கத் தெரியாதா?

“மாமா,” என்றாள், முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு. “யாரா இருந்தா என்ன? இந்தக் காட்சியை வெட்டிட்டா வேலை முடிஞ்சுது. மத்ததுல எல்லாம் நீச்சல்தானே. உண்மையைச் சொன்னா, இது அவ்வளவு நல்லாவும் இல்லை.”

“என்னது!” மாப்பிள்ளை துள்ளி எழுந்தார். சின்னவள் அவரைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள். அவருக்குப் புரியவில்லை. ஆனால் உட்கார்ந்துவிட்டார்.

“நடை பரவாயில்லை. ஏதோ மரக்கட்டை மிதந்து வர்ற மாதிரி வருது. ஆனா அந்தக் கால் துடைக்கிறது இருக்கே, சுத்தச் செயற்கை. வாழ்க்கையில மிதியே பாக்காத ஆள் துடைக்கிற மாதிரி…”

வாசற்படியில் ஊசி நின்றது.

“அதுவும் வலது கால் ரெண்டு, இடது கால் ஒண்ணு. எந்தக் கிறுக்கு அப்படித் துடைக்கும்?”

“எவடி கிறுக்கு?” அம்மா பொத்தான் டப்பா உருளத் திரும்பினாள். “வலது காலைத்தானே முதல்ல ஊன்றோம்? அதுலதானே சேறு கூட ஒட்டும்? கால் துடைக்கிறது எப்படின்னு நீ எனக்குச் சொல்லிக் குடுக்கறியா? அந்த மூஞ்சியை மாட்டிக்கிட்டுக் கண்ணும் தெரியாம மூச்சும் விட முடியாம, பாசிப் படியில வழுக்காம நடந்து வந்திருக்கேன். மரக்கட்டையாம்ல மரக்கட்டை!”

ஒரு பொத்தான் உருண்டு போய் நீச்சலின் காலடியில் விழுந்தது.

“அத்தை…” என்றார் மாப்பிள்ளை.

அம்மா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். ஆனால் வெளியே போன வார்த்தை போனதுதானே.

“நீங்களா அத்தை?”

“பின்ன என்ன பண்ணச் சொல்றீங்க மாப்பிள்ளை? குழாயை மூடினாங்களோ இல்லையோன்னு மனசு கேக்காம ஒரு எட்டுப் பாத்துட்டுப் போக வந்தேன். முன் வாசல்ல நுழையறேன், ஏரியில இருந்து ஒலிபெருக்கியில உங்க குரல். ‘நீச்சல்! வாப்பா! தண்ணிக்குள்ள முங்கி எழுந்து வா! வெளிச்சம் போகுது! என் மூணு வருசம் போகுது!’ன்னு குரல் உடைஞ்சுபோய்க் கத்துறீங்க. உள்ள எங்கயோ இவரு ‘காப்பாத்துங்க’ங்கறாரு. அது நடிப்புன்னு நினைச்சுக்கிட்டேன். உடை கட்டில்ல கிடக்கு. போட ஆளைக் காணோம். எம் பொண்ணைக் கட்டினவர் அழற குரலைக் கேட்டுக்கிட்டு எப்படி நிக்கிறது?”

“ஏன் அத்தை சொல்லலை?”

“சொன்னா என் மானம் என்ன ஆகுறது? உடையைக் கழட்டிக் கட்டில்ல போட்டுட்டு அடுத்த பஸ் பிடிச்சு ஓடிட்டேன்.”

அதற்குப் பிறகு அந்த அறையில் நடந்ததை ஒழுங்காக வரிசைப்படுத்திச் சொல்ல முடியாது. மாப்பிள்ளை மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தார். பெரியவள் முக்காலியோடு சாய்ந்து விழுந்து, விழுந்த இடத்திலேயே சிரித்தாள். ஐஸ்காரர் “அஞ்சடி! அஞ்சடி!” என்று தொடையைத் தட்டினார். நீச்சல் மட்டும் கொஞ்சம் பொறாமையோடு, “எனக்கு முத்தம் குடுத்ததைத் திருப்பி வாங்கிக்குவீங்களா அண்ணே?” என்று கேட்டார்.

“படத்துல முதல் பேர் உங்க பேர்தான் அத்தை.”

“சீச்சீ, பேரெல்லாம் எதுக்கு,” என்றாள் அம்மா. கொஞ்சம் பொறுத்து, “போடறதுன்னு ஆகிப்போச்சுன்னா கொட்டை எழுத்துல போடுங்க. என் தங்கச்சி வீட்டுல எல்லாருக்கும் கண் மங்கல்.”

சின்னவள் மேசையைத் துடைத்துத் தாளை எடுத்தாள். பேருந்து வர அதிக நேரமில்லை. கையெழுத்துச் சாயாமல், வரி பிறழாமல் எழுதினாள்:

‘ஐயா, தாங்கள் கேட்டபடி, உடைக்குள் இருந்தவர்களைத் தெரிவிக்கிறேன். கடைசிக் காட்சி நீங்கலாக மற்ற எல்லாக் காட்சிகளிலும் இருந்தவர் நீச்சல் பயிற்சியாளர். கடைசிக் காட்சியில் இருந்தவர் என் தாயார். இருவரும் உயிருள்ள மனிதர்கள். இருவரும் நலம். கீழே கையெழுத்திட்டிருக்கிறார்கள். டிக்கெட் கிழிப்பவரை வேலைக்கு வரச் சொல்லவும்.’

நீச்சல் கையெழுத்துப் போட்டார். அம்மா பேனாவை வாங்கி, முதல் எழுத்தைக் கொஞ்சம் சுழித்துப் போட்டுப் பார்த்துக்கொண்டாள். போட்டுக்கொண்டே பெரியவளிடம் சொன்னாள்:

“ஆனாலும் பெரியவளே, நீ அப்பவே என்னைக் கண்டுபிடிச்சுட்டியோன்னு எனக்கு ஒரு சந்தேகம். கமுக்கமா இருந்துட்ட.”

“நானா? எப்பம்மா?”

“ஜிப் பாதியில நின்னப்போ நீதானே பின்னால வந்து இழுத்துவிட்ட? தலையை மாட்டிக்கிட்டதால ஆளைப் பாக்கலை. ஒரே இழுப்புல கழுத்து வரைக்கும் ஏத்திட்ட. கை என்னடி அவ்வளவு ஜில்லுனு இருந்துச்சு?”

பெரியவள் சிரிப்பதை நிறுத்தினாள். “அம்மா, நான் படகுல இருந்தேன்.”

“அப்ப தாழ்ப்பாள்…” என்று ஆரம்பித்த நீச்சல் முடிக்கவில்லை.

எல்லோருடைய தலையும் ஒரே நேரத்தில் ஏழாவது நாற்காலிப் பக்கம் திரும்பியது. உடை அதே இடத்தில், அதே சாய்வில் உட்கார்ந்திருந்தது. பெரியவள் எட்டி அதன் முதுகைப் பார்த்தாள்.

“நான் பாதியிலதான் விட்டிருந்தேன்,” என்றாள் மெதுவாக.

ஜிப் கழுத்து வரை ஏறியிருந்தது.

நீச்சல் சோபாவின் முதுகுப்பகுதிக்கு மேல் ஏறிவிட்டார். ஐஸ்காரர் அவர் மேல் ஏறப் பார்த்தார். மாப்பிள்ளையின் முகத்தில் மட்டும் பயத்தை முந்திக்கொண்டு ஒரு பரவசம். “கேமரா எங்கே? பரண்லயா வெச்சேன்?” என்று தன் பையையே தடவினார்.

“கண்கொத்தி,” என்று ஐஸ்காரர் கீச்சுக் குரலில் கேட்டார், “இதையும் லெட்டர்ல எழுதணுமா?”

சின்னவள் எழுதியதை இன்னொரு தடவை படித்தாள். தியேட்டர்க்காரரின் கடிதத்தையும் எடுத்துப் படித்தாள்.

“உள்ள இருந்தது யாருன்னுதான் அவர் கேட்டிருக்காரு,” என்றாள். “வெளிய இருந்தது யாருன்னு கேக்கலை.”

“கேட்டா?”

“கேட்டா, தெரியாதுன்னு எழுதுவேன். தெரியாததை நான் எழுத மாட்டேன்ல.”

தாளை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தாள். மேல்மடிப்பை மடித்துவிட்டுப் பார்த்தால் பசை டப்பாவைக் காணோம். உறையை மேசையில் போட்டுவிட்டு அலமாரிக்குப் போய்த் தேடி எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

உறை ஒட்டியிருந்தது. ஓரம் பிசிறில்லாமல், மூலை நேராக, கிடங்கில் அவளே ஒட்டுகிற மாதிரி. மடிப்பு நெடுக ஒரு விரல் அகலத்துக்கு ஈரம்.

அவள் வரிசையாகப் போய் எல்லோர் கையையும் பிடித்துப் பார்த்தாள். நல்ல நாற்காலியில் மாமாவின் கை, காய்ந்திருந்தது. முக்காலியில் அக்காவின் கை, காய்ந்திருந்தது. ஐஸ்காரரின் கை, ஆச்சரியமாக, அதுவும் காய்ந்துதான் இருந்தது. சோபா முதுகின் மேலிருந்து நீச்சல் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். மறுபடி வாசற்படி ஓரம் போயிருந்த அம்மா, காய்ந்த கையில் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்தாள்.

“பாதியில விட்டுட்டு எந்திரிச்சுப் போனா அப்படித்தான்,” என்றாள் அம்மா, கடைசிப் பொத்தானின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தபடி. “ஓடு, பஸ் வந்துருச்சு.”

தெருமுனையில் ஹாரன் கேட்டது. சின்னவள் உறையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். வாசலில் ஒரு கணம் நின்று, கோணியிருந்த மிதியைக் காலால் நேராக்கிவிட்டு, மறுபடி ஓடினாள். சிரித்துக்கொண்டே ஓடியதில் மூச்சு வாங்கியது. நகரத் தொடங்கிய பேருந்தின் படியில் நின்ற நடத்துநரிடம் உறையை நீட்டினாள்.

“தியேட்டர்ல குடுத்துடுங்க அண்ணே. முதலாளி கையில.”

அவர் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். “என்னம்மா, உறையெல்லாம் ஈரமா இருக்கு?”

“காஞ்சுடும் அண்ணே,” என்றாள் சின்னவள். “நல்லா ஒட்டியிருக்கு.”

பேருந்து கடிதத்தோடு கடைத்தெருப் பக்கம் திரும்பியது.